மலையிலிருந்து கடலுக்கு: மாலைதீவுச் சபாரி போட்டா, யாழ்ப்பாணத் தீவுகளா, கல்லோயாவா?

"சின்னக் கப்பல் ஒன்றில் ஏறி, ஆறுதலாகத் தீவு தீவாகப் போய்வர வேண்டும். எது நல்லது?" இந்தக் கேள்வியை மூன்று குடும்பங்கள் என்னிடம் கேட்டுவிட்டன. தலவாக்கலையில் ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதி ஒன்று. பண்டாரவளையில் வங்கி வேலையில் இருக்கும் ஒரு மகள். முப்பத்தைந்து வருடம் கொழுந்தெடுத்த தாயைக் கூட்டிப்போக ஆசைப்படுகிறாள். அப்புறம் ஹட்டனில் கடை வைத்திருக்கும் என் நண்பர்; அவருடைய இரண்டு பிள்ளைகளும் நன்றாக நீந்துவார்கள். மூன்று பேருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியவில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

என் அம்மாவிடம் இந்தப் பேச்சை முதன்முதலில் எடுத்தபோது அவர் கேட்டது இதுதான்: "கப்பலா? இப்ப யாரைய்யா அனுப்புறாங்க?" மலையகத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, அம்மாவின் அக்கா குடும்பம் எழுபதுகளில் இந்தியாவுக்குப் போனது. ஹட்டன் ஸ்டேஷனில் கோச்சி ஏற்றிவிட்டதோடு சரி. தலைமன்னாரில் அவர்கள் ஏறிய 'இராமானுஜம்' கப்பலை அம்மா பார்த்ததே இல்லை. எங்கள் வீடுகளில் கப்பல் என்றால் வந்த கதை, இல்லாவிட்டால் போன கதை. சும்மா பார்த்துவிட்டுத் திரும்பி வருவதற்காகக் கடலில் ஏறுவது எங்கள் குடும்பத்தில் எங்களோடுதான் தொடங்கியது. ஆகவே எந்தப் படகு என்ற கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

நான் இங்கே ஒப்பிடுவது மூன்றை. மாலைதீவில் ஒரு வாரம் சபாரி போட்டில், அதாவது தங்கும் கேபின்கள் உள்ள சின்னச் சுற்றுலாக் கப்பலில், தங்கிச் சுற்றுவது. யாழ்ப்பாணத்துக்குப் போய், அங்குள்ள தீவுகளுக்குச் சாதாரணப் பயணிகள் படகிலேயே மெதுவாகப் போவது. மூன்றாவது, மலை இறங்கியவுடன் கிடைக்கும் கல்லோயா நீர்த்தேக்கத்தின் நன்னீர்த் தீவுகள். முதலிரண்டிலும் நான் போயிருக்கிறேன். இரண்டாவதில் இரண்டு தடவை, ஒரு தடவை பிழையாக. கல்லோயாவுக்கு ஒரே ஒரு முறை.

## எதை வைத்து அளப்பது

உடம்பு. கொழுந்துக்கூடை சுமந்த முழங்காலுக்குப் படகில் ஏறி இறங்குவது பெரிய வேலை. இறங்குதுறைக்கும் படகுக்கும் நடுவே ஓர் அடி இடைவெளி இருக்கும். படகு மேலும் கீழும் ஆடும். ஒரு நாளில் எத்தனை தடவை அப்படி ஏறி இறங்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். அடுத்தது குமட்டல். கினிகத்தேனை வளைவுகளில் பஸ்ஸில் வாந்தி எடுப்பவருக்குக் கடலிலும் வரும் என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. மூன்றாவது, பலரும் மறப்பது: வெயில். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஸ்வெட்டரோடு வளர்ந்த உடம்பு தீவின் நண்பகலில் இரண்டு மணி நேரத்திலேயே தளர்ந்துவிடும்.

நீச்சல். மலையகத்தில் வளர்ந்த பெரியவர்களில் நீந்தத் தெரிந்தவர்கள் குறைவு. இதை வெட்கமில்லாமல் முதலிலேயே கணக்கில் எடுங்கள். மூன்று பயணங்களில் ஒன்றின் பெறுமதி இதிலேயே பாதியாகக் குறைந்துவிடுகிறது.

மாதம். நமக்கு நீண்ட விடுமுறை ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர். கடல் நம் பாடசாலைத் தவணையைப் பார்த்து அடங்குவதில்லை. டிசம்பரில் வடக்கில் வாடைக்காற்றும் மழையும். ஓகஸ்டில் சோழகம் வீசும். மாலைதீவுக்கும் அது மழைக்காலம். இந்த விடுமுறைகளில் மூன்று பயணங்களுக்கும் பொருந்தி வருவது ஏப்ரல் மட்டும்தான். ஆனால் புத்தாண்டை ஒட்டிய வாரம் எல்லா இடமும் நிரம்பிவிடும். முடிந்தால் பெப்ரவரி கடைசி, இல்லாவிட்டால் மார்ச்.

முழுச் செலவு. விளம்பரத்தில் இருக்கும் விலை படகின் விலை. வீட்டு வாசலிலிருந்து புறப்பட்டு வீட்டு வாசலுக்குத் திரும்பும்வரை ஆகும் செலவைத்தான் ஒப்பிட வேண்டும்.

சாப்பாடு, சாமி, பேச்சு. வெள்ளிக்கிழமை மச்சம் (மீன், இறைச்சி) தொடாத தாய், காலையில் விளக்கேற்றாமல் தேநீர் குடிக்காத தந்தை, தமிழ் தவிர வேறு மொழி வராத பெரியவர்கள். இவர்களுக்கு ஒரு வாரம் என்பது நீண்ட காலம்.

சும்மா இருக்கும் நேரம். என் கணக்கில் இதுதான் எல்லாவற்றுக்கும் மேலே. ஆறுதலாகப் போக வேண்டும் என்றுதானே ஆரம்பித்தோம்? ஒரு நாளில் எத்தனை மணி நேரம் படகிலோ கரையிலோ உட்கார்ந்து தண்ணீரைப் பார்க்கக் கிடைக்கிறது, எத்தனை மணி நேரம் ஓடித் திரிகிறோம்? மூன்று இடங்களுக்கும் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டுத்தான் காசைப் பற்றியே பேச வேண்டும்.

## மாலைதீவு: ஒரு வாரம் படகே வீடு

கொழும்பிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மணி நேர விமானப் பயணம். இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு விசா போய் இறங்கியதும் 30 நாளுக்கு இலவசமாகக் கிடைக்கும். புறப்படுவதற்கு முன்னைய 96 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஒரு பயணப் படிவம் நிரப்ப வேண்டும், அதற்கும் காசில்லை. நிரப்பித் தருகிறேன் என்று யாராவது கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஏறத்தாழ 1,200 தீவுகள். அவற்றில் மக்கள் குடியிருப்பவை 200க்கும் குறைவு. பவளப் பாறைகள் வளையமாக வளர்ந்து, நடுவே ஆழம் குறைந்த கடலை அணைத்துக்கொண்டிருக்கும். அந்த வளையத்துக்கு அவர்கள் சொல்லும் பெயர் 'அதொளு'. ஆங்கிலத்தில் 'அட்டோல்' என்பது அங்கிருந்து போன சொல்தான். சபாரி போட் பெரும்பாலும் இந்த வளையத்துக்கு உள்ளேயே ஓடுகிறது, இரவில் அமைதியான இடம் பார்த்து நங்கூரம் போடுகிறது. அதனால் நாம் பயப்படும் அளவுக்கு ஆட்டம் இல்லை. ஒரு வளையத்திலிருந்து அடுத்த வளையத்துக்குக் கடக்கும்போதுதான் திறந்த கடலின் அலை தெரியும். முன்பதிவு செய்யும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: எத்தனை தடவை வளையம் தாண்டுகிறோம், பகலிலா இரவிலா?

சாதாரணமாக ஒரு போட்டில் ஆறிலிருந்து பன்னிரண்டு கேபின் இருக்கும். கூடவே ஒரு சிறு படகு வரும். அதை அவர்கள் 'தோனி' என்கிறார்கள். நம் தோணியேதான் என்று அம்மாவுக்குப் போனில் சொன்னபோது சிரித்தார். காலைச் சாப்பாட்டுக்கு மாஸ்ஹுனி: சூரை மீன், தேங்காய்ப்பூ, வெங்காயம், மிளகாய் சேர்த்துப் பிசைந்து ரொட்டியோடு. நம் சம்பலில் போடும் மாசி காலங்காலமாக அங்கிருந்து வந்த சரக்கு. அந்த வாசனை வாயில் பட்டதும் வீட்டுக்கு வந்ததுபோல் இருந்தது. ஆனால் மச்சம் சாப்பிடாதவருக்குச் சோறு, பருப்பு, மரக்கறி ஒன்று என்று ஏழு நாளும் அதேதான். முன்கூட்டியே சொன்னால் கொஞ்சம் கூடுதலாகச் செய்து தருவார்கள்.

இனி, ஏறுவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை.

இந்தப் படகுகளில் பெரும்பாலானவை ஆழ்கடல் சுழியோடுபவர்களுக்காகவே ஓடுகின்றன. நாள் முழுவதையும் அவர்களுடைய நேரம்தான் தீர்மானிக்கும்: விடியற்காலை ஒரு இறக்கம், முற்பகல் ஒன்று, பின்னேரம் ஒன்று. மற்றவர்கள் மேல்தட்டில் காத்திருப்பார்கள். மூச்சுக்குழாயோடு மேலாக மிதந்து பார்ப்பவர்களுக்கென்றே ஓடும் படகுகளும் இருக்கின்றன. அவற்றைத் தேடிப் பிடியுங்கள். நீந்தவே தெரியாதவருக்கு அதிலும் பாதிதான் கிடைக்கும். இந்தப் பயணத்தின் அழகில் பாதி தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. நான் உயிர்காப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு, படகுப் பையன் ஒருவனின் கையைப் பிடித்தபடிதான் இறங்கினேன். பார்த்த கால் மணி நேரத்தை மறக்க மாட்டேன். எழுபது வயது அம்மாவை அப்படி இறக்கியிருப்பேனா? மாட்டேன்.

பருவத்திலும் ஒரு முரண்பாடு இருக்கிறது. கடல் அடங்கி வானம் வெளுத்திருப்பது டிசம்பர் முதல் ஏப்ரல் வரை. ஆனால் பா அதொளுவின் ஹனிஃபாரு குடாவில் பெருந்திருக்கைகள் கூட்டமாக வருவது தென்மேல் பருவக்காற்றின் காலத்தில், ஏறத்தாழ மே முதல் நவம்பர் வரை. அங்கே சிலிண்டர் கட்டிச் சுழியோட அனுமதி இல்லை, மிதந்துதான் பார்க்கலாம். பா அதொளு 2011இலிருந்து யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகம். திருக்கையும் வேண்டும், அலையும் இருக்கக்கூடாது என்றால் நடக்காது. புள்ளிச்சுறா எனப்படும் திமிங்கிலச்சுறா தெற்கு ஆரி அதொளுவில் வருடம் முழுவதும் உண்டு. ஆகவே பெரியவர்களோடு போகிறவர்கள் மார்ச் மாதத்தையும் ஆரி அதொளுவையும் எடுப்பது புத்தி.

காசு. ஒரு வாரத்துக்கு ஒரு ஆளுக்கு ஆயிரம் டாலரைத் தாண்டும் என்றே திட்டம் போடுங்கள். விமான டிக்கெட் தனி. அதற்கு மேல் வருபவைதான் மறைந்த செலவு. சுற்றுலாச் சேவைகளுக்கான வரி 2025 ஜூலை முதல் 17 சதவீதம். பச்சை வரி என்று ஒன்று. படகில் ஒரு ஆளுக்கு ஓர் இரவுக்கு 12 டாலர். ஏழு இரவுக்கு 84 டாலர், நம் காசில் 25,000 ரூபா அளவு. தோட்டத்தில் கொழுந்தெடுப்பவருக்கு அது பல நாள் உழைப்பு. நான் போனபோது முகவர் சொன்ன விலையில் இந்த இரண்டும் இல்லை; சேவைக் கட்டணமும் இல்லை. கடைசி நாள் படகில் பில் வந்தபோதுதான் தெரிந்தது. அன்றைய இரவை நான் கணக்குப் பார்ப்பதிலேயே கழித்தேன். "எல்லா வரியும் சேர்த்து ஒரு ஆளுக்கு எவ்வளவு?" என்று எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். தனியாகப் போகிறவர் கேபினின் இரண்டாவது கட்டிலுக்கும் காசு கொடுக்க வேண்டி வரலாம், அதையும் கேளுங்கள்.

சாமி விஷயம் முக்கியம். வழிபாட்டுச் சிலைகளை மாலைதீவுக்குள் கொண்டுபோகச் சுங்கச் சட்டம் அனுமதிக்காது. அம்மா பையில் வைத்திருக்கும் சின்னப் பிள்ளையாரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும். அது அந்த நாட்டின் சட்டம், அதற்கு மரியாதை கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அதை விமான நிலையத்தில் போய்த் தெரிந்துகொள்வது பெரியவர்களுக்கு மனவருத்தம். வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். மக்கள் வசிக்கும் தீவுகளில் உடுப்பு ஒழுக்கமாக இருக்க வேண்டும் என்பது நம் பெண்களுக்குச் சிரமமே இல்லை. சேலையில் நடந்தால் மரியாதையாகவே பார்க்கிறார்கள்.

நம்மவர்களுக்கென்று இன்னொரு செலவு உண்டு: பாஸ்போர்ட். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் அதே பெயர் வேறு எழுத்தில், தோட்டத்துச் செக்ரோலில் (வேலையாள் பதிவேட்டில்) இன்னொன்று. அந்தக் காலத்தில் யார் எழுதினார்களோ அவர்கள் காதில் விழுந்தபடி. சிலருக்குப் பிறப்புச் சான்றிதழே இல்லை. இதைத் திருத்தக் கிராம சேவகர், பிரதேச செயலகம், பதிவாளர் என்று அலைய மாதங்கள் போகும். படகுக்கு முற்பணம் கட்டுவதற்கு முன் இந்தத் தாள்களைப் பாருங்கள்.

படகு இல்லாமல் மாலைதீவை மட்டும் பார்க்க ஒரு நடுவழியும் இருக்கிறது. மக்கள் வசிக்கும் தீவு ஒன்றில் விருந்தினர் விடுதி எடுத்து, அங்குள்ள மக்கள் போகும் படகிலேயே தீவு மாறுவது. சிறிய விடுதிக்குப் பச்சை வரி பாதிதான், 6 டாலர். நான்கு இரவு, இரண்டு தீவு போதும். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை, பொதுப் படகுகளை நம்ப முடியாது. அதற்கேற்ப நாளைப் பிரியுங்கள். கேபினில் தூங்க முடியாதவர்களுக்கும் கையில் குறைவாக இருப்பவர்களுக்கும் இது சபாரி போட்டைவிட நல்லது என்றே நினைக்கிறேன்.

## யாழ்ப்பாணத் தீவுகள்: ஊர்ச் சனத்தோடு ஒரே படகில்

முதல் தடவை இதை நான் பிழையாகச் செய்தேன். கண்டியிலிருந்து ஏ9 வீதியில் 321 கிலோமீற்றர் ராப்பயணம். விடிய யாழ்ப்பாணத்தில் இறங்கி, முகம் கழுவி, அடுத்த பஸ்ஸில் தீவுகளுக்குப் படகு புறப்படும் குறிகட்டுவானுக்கு. படகு நிறையச் சனம். அம்மாவுக்குக் கீழ்த்தட்டில்தான் இடம் கிடைத்தது. டீசல் வாசம், சூடு, சுற்றிலும் முதுகுகள். நெடுந்தீவில் இறங்கி, ஆட்டோ ஒன்றில் ஓட்டமாக ஓடி, குதிரை பார்த்து, கோட்டை பார்த்து, பெருக்கு மரம் பார்த்து, பின்னேரப் படகைப் பிடித்துத் திரும்பினோம். அம்மா கடலைப் பார்த்தது மொத்தம் இருபது நிமிடம் இருக்கும். இரவு படுக்கும்போது, "நல்லா இருந்திச்சு" என்றார். அந்தக் குரலில் நன்றாக இல்லை என்று தெரிந்தது.

இரண்டாவது தடவை நான்கு நாள் எடுத்தோம். யாழ்ப்பாணத்தில் ஓர் இரவு ஓய்வு. அடுத்த நாள் காலை பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை, புங்குடுதீவு வழியே பஸ். இரண்டு பக்கமும் கடல், நடுவே வீதி. மலை வளைவுகளையே பார்த்த கண்ணுக்கு அந்த நேர்கோடு ஓர் அதிசயம். குறிகட்டுவானிலிருந்து முதலில் நயினாதீவு. கால் மணி நேரம்தான் படகு. நாகபூஷணி அம்மன் கோயில் இறங்குதுறைக்கு எதிரிலேயே இருக்கிறது. கொஞ்சம் நடந்தால் நாகவிகாரை. அன்னதானத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, கரையில் வேப்பமர நிழலில் இரண்டு மணி நேரம் சும்மா இருந்தோம். கடலில் ஏறும் பயத்தைப் போக்க இந்தக் கால் மணி நேரப் படகைவிட நல்ல மருந்து இல்லை. இதில் குமட்டினால் நெடுந்தீவை விட்டுவிடலாம், நட்டம் ஒன்றும் கிடையாது.

நெடுந்தீவுக்கு ஒரு மணி நேரம். நடுக்கடலில் ஆட்டம் உண்டு. படகின் நடுவில், முடிந்தால் மேலே, காற்றுப்படும் இடத்தில் உட்காருங்கள். கண்ணை அடிவானத்தில் வையுங்கள். காலையில் எண்ணெய்ச் சாப்பாடு வேண்டாம், வாயில் ஒரு துண்டு இஞ்சி. குமட்டல் மாத்திரை எடுப்பதானால், பிரஷர், சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள் முதலில் டொக்டரைக் கேட்க வேண்டும்.

அங்கே இரண்டு இரவு தங்கினோம். சின்ன விடுதிகள் இருக்கின்றன. சாப்பாடு முன்னரே சொல்லிவைக்க வேண்டும். ஒல்லாந்தர் டெல்ஃப்ட் என்று பெயர் வைத்துவிட்டுப் போன தீவு. மதில்கள் எல்லாம் பவளக் கற்களை அடுக்கியவை, சாந்து இல்லை. அவர்களும் போர்த்துக்கேயரும் விட்டுப்போன குதிரைகளின் வழிவந்தவை இன்றும் கட்டுக்காவல் இல்லாமல் மேய்கின்றன. பெருக்கு மரத்தின் பொந்துக்குள் ஆள் நுழைந்து நிற்கலாம். ஆனால் எங்களுக்குக் கிடைத்த பெரிய காட்சி இவை எதுவும் இல்லை. பகல் படகில் வந்த கூட்டம் பின்னேரம் போனபிறகு, தீவே தன் குரலுக்குத் திரும்புகிறது. பனையோலைச் சத்தம், தூரத்தில் அலை, வேறு ஒன்றும் இல்லை. அம்மா மதிலில் சாய்ந்து இருட்டும்வரை உட்கார்ந்திருந்தார்.

பேச்சுத் துணைக்கும் குறைவில்லை. நம் தமிழைக் கேட்டதும், "எந்த இடம் நீங்கள்?" என்று கேட்பார்கள். உள்ளதைச் சொல்லுகிறேன், வடக்குக்குப் போனால் நம்மை எப்படிப் பார்ப்பார்களோ என்ற கூச்சம் எங்கள் பெரியவர்கள் மனதில் இருக்கிறது. அது காரணமில்லாமல் வந்ததும் இல்லை. நெடுந்தீவில் பக்கத்து வீட்டுக் கிழவி அம்மாவைப் பார்த்துக் கேட்டது: "ஹட்டனோ? நல்ல தேயிலை கொண்டு வந்தனீங்களோ?" அம்மா பையைத் திறந்து ஒரு பக்கெட்டைக் கொடுத்தார். பதிலுக்குப் பனங்கட்டி வந்தது. அன்றிரவு இரண்டு பேரும் ஒன்பது மணிவரை கதைத்துக்கொண்டிருந்தார்கள். போகிறவர்கள் நாலு பக்கெட் நல்ல தேயிலை எடுத்துக்கொண்டு போங்கள்.

துக்கமும் அந்தக் கடலில் இருக்கிறது. 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் போய்க்கொண்டிருந்த பொதுமக்கள் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். தீவு மக்கள் ஒவ்வொரு வருடமும் அதை நினைவுகூருகிறார்கள். அந்த நாளை ஒட்டிப் போனால் சுற்றுலாச் சத்தத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

மறைந்த செலவு இங்கே காசைவிட நாளில்தான். காற்று கூடினால் படகு நிற்கும். எப்போது ஓடும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. கையில் ஒரு நாள் மிச்சம் வைக்காமல் நெடுந்தீவுக்குப் போகாதீர்கள். திரும்பும் பஸ்ஸுக்கு அதே நாள் இருக்கை பதிவு செய்யவும் வேண்டாம். நெடுந்தீவில் நல்ல தண்ணீர் அருமையான பொருள். குடிக்கத் தண்ணீர் கொண்டுபோங்கள், குளிக்க அளவோடு எடுங்கள். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் அறை கிடைப்பது கஷ்டம், விலையும் ஏறும். ஆனி மாதத்து நயினாதீவுத் திருவிழாவில் படகில் கால் வைக்க இடமிருக்காது. கும்பிடப் போகிறவர்களுக்கு அது சரி, ஆறுதலாகப் போகிறவர்களுக்குச் சரிவராது.

இன்னும் ஒரு நாள் இருந்தால் ஊர்காவற்றுறைக்குப் போய், அங்கிருந்து காரைநகருக்குப் 'பாதை'யில் கடந்து வாருங்கள். சில நிமிடம்தான், மிதக்கும் தட்டில் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் மனிதரும் ஒன்றாகப் போவதைப் பார்க்கவே ஆசையாக இருக்கும்.

## கல்லோயா: உப்பில்லாத தீவுகள்

மவுசாக்கலை நீர்த்தேக்கம் வற்றும் காலத்தில் பழைய மஸ்கெலியா டவுனின் கோயில் தண்ணீரிலிருந்து மேலே வருவதைப் பார்த்தவர்களுக்குக் கல்லோயாவை விளக்கத் தேவையில்லை. அங்கே ஊர் மூழ்கியது. இங்கே காட்டுக் குன்றுகள் மூழ்கி, உச்சிகள் மட்டும் தீவாக நிற்கின்றன. இந்த நீர்த்தேக்கத்தின் பெயர் சேனாநாயக்க சமுத்திரம்; இங்கினியாகலையில் அணை கட்டியதால் உண்டானது. தேசியப் பூங்கா 1954இல் வந்தது. படகில் போய் விலங்கு பார்க்கும் பூங்கா இது. யானைகள் ஒரு தீவிலிருந்து இன்னொன்றுக்குப் புல் தேடி நீந்திப் போகும். தும்பிக்கை மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிய ஒரு யானைக் குடும்பம் போவதை நான் பார்த்தேன். படகுக்காரர் இஞ்சினை நிறுத்திவிட்டார், ஒருவரும் பேசவில்லை.

பதுளை, பசறை, பிபிலை வழியே இறங்கினால் அரை நாள் பயணம். பண்டாரவளைக்காரருக்குக் கைக்கு எட்டும் தூரம். ஹட்டனிலிருந்து ஒரு முழுப்பகல் ஆகும். படகு சின்னது, ஒரு குடும்பம் கொள்ளும். ஒரு சுற்று இரண்டு மூன்று மணி நேரம். விடியற்காலைச் சுற்றை எடுங்கள். யானைகளைப் பார்க்க மார்ச் முதல் ஜூலை வரை நல்லது. அலை இல்லை, குமட்டல் இல்லை, ஒரே தடவை ஏறி ஒரே தடவை இறங்குவது.

குறை என்னவென்றால், இது முடிந்துவிடும். மூன்று மணி நேரத்தில் கரைக்கு வந்துவிடுகிறோம், இரவில் தண்ணீர்ச் சத்தம் இல்லை. பொதுப் பஸ்ஸில் விடியற்காலைப் படகைப் பிடிக்க முடியாது; வான் எடுத்தே ஆக வேண்டும், இரண்டு நாளைக்கும் டிரைவருக்குத் தங்க இடமும் பார்க்க வேண்டும். அந்தச் செலவு படகுக் கட்டணத்தைவிடக் கூட. ஆறு ஏழு பேர் சேர்ந்து போனால்தான் கட்டுப்படியாகும்.

பெரிய கப்பலைப் பற்றியும் கேட்டார்கள். ஆயிரம் பேருக்கு மேல் ஏறும் கப்பலில் கடல் ஒரு ஜன்னல். துறைமுகத்தில் சில மணி நேரம் இறக்கிவிட்டு மறுபடி ஏற்றுவார்கள். கேட்ட விஷயம் சின்னக் கப்பல் என்பதால் அதை இந்த ஒப்பீட்டில் நான் சேர்க்கவில்லை.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | மாலைதீவுச் சபாரி போட் | யாழ்ப்பாணத் தீவுகள் | கல்லோயா |
|---|---|---|---|
| வாசலிலிருந்து வாசலுக்கு | 9–10 நாள் | 5–6 நாள் | 2–3 நாள் |
| நல்ல மாதம் | ஜனவரி–ஏப்ரல் | பெப்ரவரி–ஏப்ரல் | மார்ச்–ஜூலை |
| தாள்கள் | பாஸ்போர்ட் | அடையாள அட்டை | அடையாள அட்டை |
| நீச்சல் | தெரிந்தால்தான் முழுப் பலன் | வேண்டாம் | வேண்டாம் |
| ஏறி இறங்குவது | ஒரு நாளில் பல தடவை | ஒரு நாளில் இரண்டு தடவை | ஒரே தடவை |
| இரவு எங்கே | தண்ணீரின் மேல் | தீவில் | கரையில் |
| எதிர்பாராத செலவு | வரிகள், தனிக் கேபின் | காற்றால் போகும் ஒரு நாள் | வான் |

## யாருக்கு எது

என் கடைக்கார நண்பருக்கு மாலைதீவு என்றே சொன்னேன். பிள்ளைகள் நீந்துவார்கள், அவருக்குக் கடனில்லை, மார்ச் மாதத்தில் பத்து நாள் கடையைத் தம்பியிடம் விட முடியும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் விடுதி வழியைத்தான் சொல்லியிருப்பேன். நகையை அடகு வைத்தோ பெற்றோரின் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) காசை உடைத்தோ சபாரி போட்டில் ஏற வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அந்தக் காசு வாழ்நாள் உழைப்பு. அதற்கு முதலில் வீட்டுக்கூரையும் மருந்தும் இருக்கின்றன.

தலவாக்கலை ஆசிரியத் தம்பதிக்கு யாழ்ப்பாணத் தீவுகள், ஆனால் இரண்டு இரவு நெடுந்தீவில் தங்குவதானால் மட்டும். ஒரே நாளில் போய்வருவதானால் நயினாதீவோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்றேன்.

பண்டாரவளை மகளுக்குப் பதில் சொல்ல எனக்கு அதிக நேரம் எடுத்தது. அவளுடைய தாய்க்கு முழங்கால் வலி, பிரஷர், கடலைப் பார்த்ததே இல்லை. வசதியைப் பார்த்தால் கல்லோயா. ஆனால் அவள் கேட்டது கடல். கடைசியில் இரண்டு படியாகச் சொன்னேன். இந்த வருடம் கல்லோயாவுக்குப் போய், தாய் படகில் எப்படி இருக்கிறார் என்று பாருங்கள். சரிவந்தால் அடுத்த பெப்ரவரியில் நயினாதீவு. அந்தக் கால் மணி நேரப் படகும் சரிவந்தால் நெடுந்தீவு. நடுவில் எந்தப் படியில் நின்றாலும் அதுவரை வந்த பயணம் முழுப் பயணம்தான்.

யாழ்ப்பாணம் போகிறவர்கள் திரும்பும்போது ஏ9 வழியே வர வேண்டும் என்று இல்லை. சங்குப்பிட்டிப் பாலம் கடந்து பூநகரி, மன்னார் வழியே வந்தால், மன்னாரிலிருந்து தலைமன்னாருக்கு ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். பழைய கப்பல்துறை கடலுக்குள் நீண்டு நிற்கிறது. நாங்கள் போனபோது பின்னேரம். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, தண்ணீர் ஓரமாக நடந்து, அந்தப் பக்கம் கையைக் காட்டி, "அக்கா இங்கதான் ஏறுனாளா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் வானுக்குத் திரும்பினோம். மதவாச்சிக்கு இருட்டுமுன் வந்துவிட வேண்டியிருந்தது.